ஒரு கட்டி, ஐந்து டாக்டர்கள்!

பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தேன். அவள் கால் என் அடிவயிற்றில் லேசாகப் பட்டது. அவ்வளவுதான்! நான் போட்ட சத்தத்தில் கீழே மாவாட்டிக்கொண்டிருந்த அத்தை கிரைண்டரை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்துவிட்டார்கள். பாப்பாவோ மிரண்டுபோய் அழ ஆரம்பித்துவிட்டாள். அவளுக்கு அப்போது இரண்டு வயசு. “அம்மாவை உதைச்சிட்டேன்” என்று அன்று ராத்திரி தூக்கத்தில்கூடச் சொல்லிக்கொண்டிருந்தாள் குழந்தை.

இது நடந்தது 2016-ம் வருஷம். கும்பகோணத்தில் எங்கள் வீட்டில். பாப்பா சிஸேரியன் குழந்தை. அந்தத் தையல் தழும்பின் இடது ஓரத்தில், தோலுக்குக் கீழே, நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. எப்போது வந்தது என்றே சொல்லத் தெரியவில்லை. புடவைக் கொசுவத்தைச் செருகும்போது சுருக்கென்று குத்தும். சில நாள் தொட்டால்கூட வலிக்காது. சில நாள் தோசை திருப்பக் குனிந்தால் உயிர் போகும்.

“டாக்டரிடம் காட்டு” என்று எல்லோரும் சொன்னார்கள். ரொம்ப நல்ல யோசனை. ஆனால் எந்த டாக்டரிடம்? இந்தக் காலத்தில் கண்ணுக்கு ஒருவர், காதுக்கு ஒருவர், எலும்புக்கு ஒருவர், நரம்புக்கு ஒருவர் என்று போர்டு மாட்டியிருக்கிறார்கள். ‘வயிற்றில் கட்டி, தொட்டால் வலி’ என்று எந்தப் போர்டிலும் எழுதியிருக்கவில்லையே!

முதலில் எங்கள் தெருமுனை டாக்டரிடம் போனேன். பாப்பாவுக்குச் சளி, காய்ச்சல் எல்லாவற்றுக்கும் அவர்தான். அழுத்திப் பார்த்தார். “உள்ளே தையல் நூல் முடிச்சு தங்கியிருக்கும்மா. அதைச் சுத்திச் சதை திரண்டிருக்கும். மாத்திரை தரேன். குறையலேன்னா ஒரு ஸர்ஜன்கிட்ட காட்டிடுங்க” என்றார். இப்போது யோசித்தால் அவர் சொன்னது பெரிய தப்பில்லை என்று தெரிகிறது. மாத்திரை போட்டதும் நாலு நாளில் வலி நின்றுவிட்டது. அதனால் ஸர்ஜன் பேச்சையே நான் மறந்துவிட்டேன். அடுத்த மாசம் மறுபடி வலித்தது. மறுபடி மாத்திரை. மறுபடி நின்றது.

பக்கத்து வீட்டு அக்கா, “தழும்பு மேலதானே இருக்கு? தோல் டாக்டர்கிட்ட போ. என் தங்கச்சிக்குக் காது குத்தின இடத்துல இப்படித்தான் திரண்டுச்சு. ஊசி போட்டுக் கரைச்சிட்டாங்க” என்றார்கள். போனேன். அவரும் தழும்பிலேயே ஊசி போட்டார். அந்த வலியைப் பற்றி எழுதாமல் விட்டுவிடுகிறேன். மூன்று தடவை போட்டும் தழும்பு கொஞ்சம் வெளுத்ததே தவிர, கட்டி அசையவில்லை.

அதற்குள் எனக்கு வயிற்றுப் பொருமல் வேறு. கவலையிலேயே சரியாகச் சாப்பிடாமல் இருந்தால் பொருமாமல் என்ன செய்யும்? இவருடைய சிநேகிதர் ஒருவர் வயிற்று ஸ்பெஷலிஸ்ட் பெயரைச் சொன்னார். அவர் வாய் வழியாகக் குழாய் விட்டு எண்டோஸ்கோப்பி பார்த்தார். “வயிறு சுத்தமா இருக்கும்மா” என்றார். சுத்தமாக இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அன்றைக்கு இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் செலவு. இவர் ஒரு மளிகை மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறார். எங்கள் வீட்டில் இரண்டாயிரம் என்பது சின்னத் தொகை இல்லை.

நாலாவதாக ஒரு ஸர்ஜன். அவர் என்னை நிற்க வைத்து இருமச் சொன்னார். “ஹெர்னியா மாதிரி இருக்கு. குடல் இறக்கம். தையல் போட்ட இடம் பலவீனமாகி உள்ளே இருக்கிறது வெளியே தள்ளுது. வலை வெச்சுத் தைச்சுடலாம்” என்று சொல்லி, ஆபரேஷனுக்குத் தேதியே குறித்துவிட்டார். ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த ஸ்கேனில் ஓட்டையே இல்லை! தசைக்கு மேலே கெட்டியாக ஒரு கட்டி மட்டும்தான் இருக்கிறதாம். “சாதாரண நார்க்கட்டியாத்தான் இருக்கும். அவசரம் இல்லே. எடுக்கணும்னா சௌகரியப்படறப்போ எடுத்துக்கலாம்” என்றார். ‘அவசரம் இல்லை’ என்ற அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்துவிட்டேன்.

ஆனால் நிம்மதியாக இருந்தேனா? அதுதான் இல்லை. என் பெரியம்மா, நான் பத்தாவது படிக்கும்போது, வயிற்றில் கட்டி என்று படுத்தவர்கள் எழுந்திருக்கவில்லை. வீட்டில் யாரும் அந்த வியாதியின் பெயரை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். ‘அந்தக் கட்டி’ என்றுதான் சொல்வார்கள். ராத்திரி எல்லோரும் தூங்கின பிறகு நான் கட்டி மேல் கையை வைத்துப் பார்ப்பேன். நேற்றைவிடப் பெரிசா? சின்னதா? பாப்பாவுக்கு யார் தலை பின்னிவிடுவார்கள், இவருக்கு இட்லிப் பொடியில் பூண்டு சேர்த்தால் ஆகாது என்று யாருக்குத் தெரியும் என்றெல்லாம் மனசு எங்கேயோ போய்விடும். இவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் நிஜமாகிவிடும் போல ஒரு பயம். சிரிக்காதீர்கள். ராத்திரி ஒரு மணிக்கு அப்படித்தான் தோன்றும்.

2017 ஆகஸ்டில் ஒரு நாள். வீட்டு விலக்கான முதல் நாள். நான் கட்டியைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்திருந்தேன். எங்கள் அத்தை அதிகம் பேசமாட்டார்கள். பேசினால் குழம்பில் உப்பு கூட, குறைச்சல் என்றுதான் இருக்கும். அன்று முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டார்கள்.

“ஏம்மா, நான் கேக்கறேன்னு நினைச்சுக்காதே. நீ இந்த மாதிரி இருக்கறப்போ மட்டும்தான் அந்தக் கட்டி வலிக்குதுங்கறே. மத்த நாள்ல உன்னை இப்படிப் பாத்ததில்லையே?”

“அதுக்கும் இதுக்கும் என்னத்தை சம்பந்தம்? கர்ப்பப்பை உள்ளே இருக்கு. இது தோலுக்குக் கீழேதானே?”

“எனக்கு என்ன தெரியும்? பாத்ததைச் சொன்னேன்.”

எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. அப்புறம் சாயங்காலம் வேலையெல்லாம் முடிந்தபிறகு, சரி, பார்த்துவிடுவோமே என்று தோன்றியது.

கூடத்தில் மாட்டியிருக்கும் மாதக் காலண்டரில்தான் நான் பால் கணக்கு எழுதுவது. கோயில், கல்யாணம் என்று தேதி பார்க்க வேண்டியிருக்குமே, அதனால் விலக்கான தேதிக்கு ஒரு சின்ன வட்டமும் போட்டு வைப்பேன். நீங்களும் ஏதோ ஒரு அடையாளம் வைத்திருப்பீர்கள். வீட்டுச் செலவு தனியாக ஒரு நோட்டில். அதில் மருந்துக் கடைச் செலவும் தேதியோடு இருக்கும். இந்த வருஷத்துக் காலண்டர் சுவரிலேயே இருந்தது. போன வருஷத்துத் தாள்களை அத்தை சமையலறை அலமாரித் தட்டுகளில் விரித்திருந்தார்கள். டப்பா டப்பாவாக இறக்கினோம். துவரம்பருப்புக்கு அடியில் நவம்பர். புளி ஜாடிக்கு அடியில் செப்டம்பர், பாதி கறையோடு. தரையில் எல்லாவற்றையும் பரப்பிவைத்து, நான் நோட்டைப் பார்த்துத் தேதி படிக்க, அத்தை மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வட்டத்தைத் தேடினார்கள்.

‘மாத்திரை ரூ. 42’ என்று நோட்டில் எந்தத் தேதி இருந்ததோ, காலண்டரில் அன்றைக்கே வட்டம். இல்லாவிட்டால் மறுநாள் வட்டம். பதின்மூன்று மாசத்தில் பதினோரு மாசம் இப்படி! மிச்சம் இரண்டில், ஒரு மாசம் நான் அம்மா வீட்டில் இருந்தேன். இன்னொரு மாசம் பழைய மாத்திரையே கையிருப்பு.

நாலு டாக்டர்களில் ஒருவர்கூட “வலி எந்த நாளில் வருகிறது?” என்று என்னிடம் கேட்கவில்லை. அதைக் குறையாகச் சொல்லிக்கொண்டே இருக்கலாம். ஆனால் நானும் சொல்லவில்லையே! நாலு பேரும் ஆண் டாக்டர்கள். கூட இவர் வேறு நிற்பார். ‘எப்பவாவது வலிக்கும்’ என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

மறுநாளே லேடி டாக்டரிடம் போனோம். நானும் அத்தையும் மட்டும். பாப்பா பிறந்த இடம் இல்லை. வேறொருவர், நடுத்தர வயசுக்காரர். கணக்கு நோட்டையும் புளிக் கறைபட்ட தாள்களையும் மேஜை மேல் வைத்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. அவர் சிரிக்கவில்லை. ஒவ்வொரு தாளாகப் பார்த்தார்.

பிறகு படுக்கச் சொன்னார். கட்டி மேல் ஒரு விரலை வைத்தபடி, “கையை ஊன்றாமல் தலையையும் தோளையும் மட்டும் தூக்குங்க” என்றார். தூக்கினேன். அப்பப்பா! வலி கூடிற்றே தவிரக் குறையவில்லை. “இது வயித்துக்கு உள்ளே இல்லே, வயித்துச் சுவர்லயே இருக்கு” என்றார். தலையைத் தூக்கும்போது வயிற்றுத் தசை பலகை மாதிரி இறுகிவிடுகிறதாம். உள்ளே இருக்கிற வலி என்றால் அந்தப் பலகை மறைத்துக்கொள்ளும். அழுத்தினால் வலி குறையும். சுவரிலேயே இருக்கிற வலி என்றால் குறையாது, கூடவும் செய்யும். கார்னெட் என்ற அமெரிக்க ஸர்ஜன் 1926-ல் எழுதிவைத்த பரிசோதனை இது என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். மெஷின் வேண்டாம், செலவு இல்லை, அரை நிமிஷ வேலை!

வியாதியின் பெயரைச் சொன்னார். எண்டோமெட்ரியோஸிஸ். கர்ப்பப்பையின் உள்பக்கத்தில் ஒரு மெல்லிய பூச்சு இருக்கிறது. மாசாமாசம் தடித்து, பிறகு உதிரப்போக்காக வெளியேறுவது அதுதான். சிஸேரியனில் கர்ப்பப்பையைத் திறக்கும்போது அந்தப் பூச்சின் துணுக்கு ஏதாவது தழும்பிலே ஒட்டிக்கொண்டு, அங்கேயே வேர் பிடித்துவிடுமாம். இடம் மாறினாலும் குணம் மாறாது. மாசாமாசம் உள்ளே நடக்கிறதெல்லாம் அங்கேயும் நடக்கும். அங்கே வெளியேற வழி ஏது? வீங்கும், உள்ளுக்குள்ளேயே கசியும், வலிக்கும். வெளிவந்து சில மாசத்திலும் தெரியலாம், சில வருஷம் கழித்தும் தெரியலாம்.

“ஆபரேஷன் பண்ணவங்க தப்பா டாக்டர்?” என்று அத்தை கேட்டார்கள்.

“அப்படிச் சொல்ல முடியாதும்மா. ஜாக்கிரதையாப் பண்ணாலும் ஆயிரத்துல ஒரு சிலருக்கு இப்படி ஆயிடுது.”

நான் கேட்க வேண்டியதை அப்போதுதான் கேட்டேன். ஒன்றரை வருஷமாகத் தொண்டையிலேயே நின்ற கேள்வி. “கேன்ஸரா டாக்டர்?”

“இது கேன்ஸர் இல்லேம்மா. ரொம்ப ரொம்ப அபூர்வமாத்தான் அப்படி மாறும். எடுத்துட்டு டெஸ்டுக்கு அனுப்பி நிச்சயப்படுத்திக்கலாம்” என்றார். நான் அழுதேன். அத்தை என் முதுகைத் தடவிக்கொடுத்தார்கள். அவர்களுக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும், நான் ராத்திரியில் எதற்காக விழித்துக்கொண்டிருந்தேன் என்று.

சரி, வியாதி தெரிந்துவிட்டது. இனி எந்த டாக்டர்? லேடி டாக்டரா, ஸர்ஜனா? நான் கேட்டேவிட்டேன். “இரண்டு பேரும்தான்” என்றார் அவர். வியாதி கர்ப்பப்பையைச் சேர்ந்தது. இருக்கும் இடமோ வயிற்றுச் சுவர். கட்டியை மட்டும் தோண்டி எடுத்தால் ஓரத்தில் மிச்சம் மீதி தங்கி மறுபடி வளரும். அதனால் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு நல்ல சதையையும் சேர்த்து எடுக்க வேண்டுமாம். கட்டி தசையின் மேலுறையைப் பிடித்திருந்தால் அதையும் கொஞ்சம் வெட்டி எடுத்துத் தைக்க வேண்டும். பெரிய ஓட்டையாகிவிட்டால் வலை வைக்க வேண்டியிருக்கும். அதெல்லாம் ஸர்ஜன் கைப்பழக்கம். ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டு வலியை அடக்கி வைக்கவும் வழி இருக்கிறது. ஆனால் நிறுத்தினால் திரும்பும் என்றார். “அடுத்த குழந்தை வேணும்னு நினைச்சா மாத்திரையை நிறுத்தித்தானே ஆகணும்?” என்றும் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த ஆசையும் எனக்கு இருந்தது.

அடுத்த மாசம் வலி வந்த நாளிலேயே மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொன்னார். போன ஸ்கேனைவிடக் கட்டி கொஞ்சம் பெரிசாகத் தெரிந்தது. ஆழம் தெரிய எம்.ஆர்.ஐ. ஒன்று. நவம்பரில் தஞ்சாவூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், இரண்டு டாக்டர்களும் சேர்ந்து நின்று ஆபரேஷன் செய்தார்கள். மேலுறையில் ஒரு காசு அளவு வெட்ட வேண்டியிருந்ததாம். வலை இல்லாமலே தைத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டேன். ஒரு வாரத்தில் டெஸ்ட் ரிப்போர்ட்டும் வந்தது. டாக்டர் சொன்னதேதான்.

இதைப் படிக்கிற நீங்கள், ‘எனக்கும் தழும்புப் பக்கம் ஏதோ இருக்கிறதே’ என்று இப்போது கையை வைத்துப் பார்ப்பீர்கள். தெரியும், நானும் அப்படித்தான்! எல்லாக் கட்டியும் என் கட்டி ஆகாது. மெத்து மெத்தென்று, விரலுக்கு நழுவிக்கொண்டு, வலியில்லாமல் இருந்தால் பெரும்பாலும் வெறும் கொழுப்புக் கட்டிதான். அதையும் ஒரு தடவை காட்டிவிட்டால் மனசு நிம்மதி. இருமினால் புடைத்து, படுத்தால் உள்ளே போனால் ஹெர்னியாவாக இருக்கலாம், அதற்கு ஸர்ஜன்தான். சிவந்து, சுட்டு, காய்ச்சலும் சேர்ந்தால் சீழ்க்கட்டி, அதற்கும் அவர்தான். சுவரில் இல்லாமல் உள்ளே ஆழத்தில், அடிவயிற்றில் கட்டி தட்டுப்பட்டு, உதிரப்போக்கும் அதிகமானால் லேடி டாக்டர். மேல் வயிற்றில் கட்டி, கூடவே மஞ்சள் காமாலை, உடம்பு இளைப்பது, மலம் கறுப்பாகப் போவது என்றால் வயிறு, குடல் பார்க்கிற ஸ்பெஷலிஸ்ட். ஆனால் இதையெல்லாம் நீங்களே தீர்மானம் செய்துகொண்டு கிளம்ப வேண்டாம். நான் அப்படி அலைந்துதான் ஒரு வருஷத்தைத் தொலைத்தேன். படுக்க வைத்து, கை வைத்துப் பார்க்கிற ஒரு பொது டாக்டர் போதும். யாரிடம் போக வேண்டும் என்று அவரே சீட்டு எழுதித் தருவார். அவர் ‘போ’ என்று சொன்ன பிறகு என்னைப் போல் போகாமல் இருக்கக் கூடாது!

ஒன்றே ஒன்று மட்டும் ஸ்பெஷலிஸ்டைத் தேடிக்கொண்டிருக்கிற விஷயம் இல்லை. தினம் உள்ளே போய்க்கொண்டிருந்த கட்டி திடீரென்று உள்ளே போகாமல் கல் மாதிரி ஆகி, கடும் வலியும் வாந்தியும் வந்தாலோ, மேலே தோல் நிறம் மாறினாலோ, நேரே எமர்ஜென்சிக்குப் போக வேண்டும். வீட்டில் வயசானவர்களுக்குத் தொப்புள் பக்கத்தில் நாடி மாதிரி துடிக்கிற கட்டியோடு வலி வந்தாலும் அப்படியே. 108-க்குப் போன் செய்துவிட்டு மற்றதை அப்புறம் யோசிக்கலாம்.

டாக்டரிடம் போகும்போது ஒரு துண்டுச் சீட்டு எழுதிக்கொண்டு போங்கள். எப்போதிலிருந்து இருக்கிறது, எந்தத் தேதிகளில் வலித்தது, விலக்கான தேதி எது, முன்னால் நடந்த ஆபரேஷன் என்ன, என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் சீட்டை நீட்டிவிடலாம்.

ஆபரேஷன் ஆன பிறகு முதல் தடவை விலக்கான நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. காலையிலேயே மாத்திரை அட்டையைத் தலைமாட்டில் எடுத்து வைத்துக்கொண்டு, வலிக்காகக் காத்திருந்தேன். பத்து மணி ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. தையல் போட்ட இடம் கொஞ்சம் இழுத்தது, அது வேறு. பழைய குத்தல் இல்லை. அத்தை இரண்டு தடவை வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துவிட்டு, “என்னம்மா, வலிக்குதா?” என்றார்கள்.

“இல்லத்தை.”

“அப்போ அந்த மாத்திரையை எடுத்து உள்ளே வை. குழந்தை எடுத்து வாயில போட்டுக்கப் போறா.”

சில பேருக்குத் திரும்ப வரலாம், எதற்கும் கவனித்துக்கொண்டிருங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால் காலண்டரில் வட்டம் போடுவதை நான் நிறுத்தவில்லை. பழைய தாள்களை மட்டும் அத்தை இப்போது அலமாரியில் விரிப்பதில்லை. சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு, தன் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள்.